தறி ஓடிக்கொண்டிருந்த நேரம்

வாய்தா நாளென்றால் பாலுசாமி வீட்டில் அரிசிம்பருப்புச் சோறுதான். விடிவதற்குள் குக்கரை இறக்கி, நெய் ஊற்றிக் கிளறி, தூக்குப்போசியில் அடைத்துவிடுவாள் செல்லாத்தாள். கோர்ட்டு வாசலில் ஓட்டல் இல்லாமல் இல்லை. மகனைக் கொன்றவன் கூண்டில் நிற்கிற நாளில் ஓட்டலில் உட்கார்ந்து தோசை தின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கூச்சம். ஆறு வருஷமாக அந்தச் சோறு கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஆறிப்போய்த்தான் தொண்டையில் இறங்கியது.

எங்கள் ஊர் பல்லடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் தோட்டத்தோரம் ஒரு தறிக்குடோனும் போட்டிருப்பார்கள். மழை ஏமாற்றினால் தறி, தறி ஏமாற்றினால் கடவுள். பாலுசாமிக்கு எட்டுத் தறி. குடோனுக்குப் பின்னால் கிணறு. அது பங்காளி அங்கப்பனோடு கூட்டுக்கிணறு. ஒரு நாள் இவர்கள் மோட்டார் போட்டால் மறுநாள் அவன் முறை.

கொரோனாவுக்கு முந்தின கோடையில் தண்ணீர் பாறைக்குப் போய்விட்டது. அங்கப்பன் முறையன்று பாலுசாமியின் மகன் கதிர்வேல் மோட்டாரைப் போட்டுவிட்டான். தப்புதான். வாய்த் தகராறு முற்றி, அங்கப்பன் மம்பட்டியால் அடித்தான். கதிர்வேல் தண்ணீர்த் தொட்டியோரம் விழுந்தான், எழவில்லை. மம்பட்டியும் கையுமாக அங்கப்பன் நின்றதைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஓடிவந்து பார்த்தார்கள். அவனும் ஓடி ஒளியவில்லை. வெயிலில் ஸ்டேஷன்வரை நடந்து போய், "அடிச்சுப்போட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் கேட்டது. எங்கள் ஊர் டீ ஆறுவதற்குள் எந்த வழக்கையும் தீர்த்துவிடும். போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொன்னபோது, சட்டம் எழுதினவனைத்தான் முதலில் உள்ளே போட வேண்டும் என்றார்கள். அங்கப்பன் மனைவி செத்துப்போயிருந்தாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. பிணை கொடுக்க ஒருத்தரும் இல்லாததால் கோயமுத்தூர் ஜெயிலிலேயே கிடந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போலீஸ் வேனில் வந்து போனான்.

"ஒருத்தனைக் கூட்டியாறதுக்கு ஒரு வேனு, அதுக்கு டீசலு, காவலுக்கு நாலு போலீசு. அவன் திங்கறதுக்குச் சோறு, அவனுக்காகப் பேசறதுக்கு கவருமென்ட்டே ஒரு வக்கீலு. எல்லாம் நம்ம வரிப்பணமுங்க. அன்னைக்கே தொங்க உட்டிருந்தா ஒரு கயித்தோட முடிஞ்சிருக்கும்" என்பார் பாலுசாமி. டீக்கடையில் தலையாட்டாதவர் இல்லை. ஆயுளில் வரியே கட்டாதவர்கள்தான் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. நீதிபதி மாறினார். அரசு வக்கீல் மாறினார். வழக்கு எழுதிய இன்ஸ்பெக்டர் பதவி உயர்ந்து எங்கோ போய்விட்டார், அவர் சாட்சிக்கு வர முடியாத நாளெல்லாம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எட்டுத் தறியும் நின்றது.

செல்லாத்தாள் இதில் எதுவும் பேசமாட்டாள். அவள்தான் முதல் சாட்சி. நடந்ததைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி என்று காகிதத்தில் இருந்தது.

நிஜத்தில் அவள் காணவில்லை. அது பாலுசாமிக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் பால் சொசைட்டியிலிருந்து வந்தபோது தொட்டியடியில் கூட்டம். மகனைப் பார்த்துவிட்டு, முதலில் ஓடியது குடோனுக்குத்தான். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தறி ஓடும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, தோளைத் தொடுவதுதான் வழக்கம். தொட்டார். செல்லாத்தாள் திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சித்தெ பொறுங்க என்று அர்த்தம். பாவு நூலில் ஓர் இழை அறுந்திருந்தது. அதை எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிந்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் திரும்பினாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு எழவு விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. ஊர் ஊராக வேன் பிடித்து வருவார்கள். பெண்கள் பெற்றவளைச் சுற்றி உட்கார்ந்து, கட்டிப்பிடித்து அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, "எப்படிச் சாமி ஆச்சு?" என்று கேட்பார்கள். அவள் வாயால்தான் கேட்க வேண்டும். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் கூட்டத்துக்கு, "நான் குடோனுக்குள்ள இருந்தனுங்க" என்றுதான் சொன்னாள். அதில் ஒரு அத்தை, "பக்கத்துலயே இருந்தும் தெரியலையா ஆத்தா?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாய் இருக்கிறது, கேட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குச் சொல்லும்போது கதிர்வேல் "அம்மா" என்று கூப்பிட்டான். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவள் ஓடினாள். சாயங்காலம் வந்தவர்களுக்குச் சொல்லும்போது, கீழே விழுந்தவனை அங்கப்பன் மறுபடியும் அடித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வந்தபோது அது முழுசாக, தண்ணி பட்ட பாடாக வந்தது. பக்கத்தில் நின்ற பாலுசாமி வாயைத் திறக்கவில்லை. மகனைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இவளுக்கு இதாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியும் இருந்தாள். கதிர்வேலின் மனைவி பூஜிதா. சம்பவத்தன்று கைக்குழந்தை கனிஷ்காவோடு ஈரோட்டில் அம்மா வீட்டில் இருந்தாள், இப்போதும் அங்கேதான். "கடைசியா உங்களையாச்சும் கூப்பிட்டாருங்களே அத்தை, அது போதுமுங்க" என்று ஒவ்வொரு வாய்தாவிலும் சொல்வாள். செல்லாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். கூப்பிட்டானா இல்லையா என்பது செல்லாத்தாளுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். அங்கப்பன் தொங்குவதும் தொங்காததும் அவளுக்கு எப்போதோ மரத்துப்போய்விட்டது. கூப்பிட்டிருந்தால் அவன் அம்மாவை எதிர்பார்த்துக்கொண்டே செத்திருக்கிறான். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் போலீஸ் வேனில் வந்து போய்க்கொண்டிருந்தான்.

அங்கப்பனுக்கு அரசு கொடுத்த வக்கீல் கிளாடிஸ் என்ற பெண். கோயமுத்தூர் காந்திபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசிய ஒருநாள், நீதிபதி லீவு என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வேப்பமரத்தடிப் பெஞ்சின் ஒரு முனையில் கிளாடிஸ் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் செல்லாத்தாள் தூக்குப்போசியைத் திறந்தாள். எதிரில் ஒருத்தர் வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் தின்ன எங்கள் பெண்களுக்குத் தெரியாது. எதிராளி வக்கீலாக இருந்தாலும் தெரியாது.

"ஏனுங் அம்மணி, ஒரு வாய் சாப்புடுங்க."

கிளாடிஸ் தயங்கினாள். "வேண்டாமுங்கம்மா. நான் அந்தப் பக்கத்து வக்கீலுங்க."

"வயித்துக்கு எந்தப் பக்கமுங்க?" என்று மூடியில் போட்டு நீட்டிவிட்டாள்.

பாலுசாமிக்கு முகம் சுண்டியது. எழுந்து போகவும் முடியவில்லை. கிளாடிஸ் இரண்டு வாய் தின்றுவிட்டு, அரிசிம்பருப்பு நல்லாயிருக்கிறது என்றாள். ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறீர்கள், காது மந்தமா என்று பரிவாகத்தான் கேட்டாள்.

"தறிக்காரங்க எல்லாம் இப்படித்தானுங்க. குடோனுக்குள்ள இருந்தா இடியே உழுந்தாலும் தெரியாதுங்க" என்றாள் செல்லாத்தாள்.

கிளாடிசின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மிச்சத்தைத் தின்று, மூடியைக் கழுவிக் கொடுத்தாள். செல்லாத்தாளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாலுசாமிக்கு உறைத்தது. பஸ் ஸ்டாப்புக்குக் கிளாடிசின் பின்னாலேயே போனார்.

"அம்மணி, நீங்க படிச்சவிங்க. அவன் அடிச்சான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"கேசைப் பத்தி உங்ககிட்ட நான் பேசக்கூடாதுங்கய்யா."

"பேச வேண்டாமுங்க. தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் புழுதிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "அடிச்சது தெரியுமுங்க. எத்தனை தடவை அடிச்சாருன்னு தெரியாதுங்க. ஒரு தடவைன்னா கோவம். கீழ உழுந்தவரைத் திரும்ப அடிச்சிருந்தா அது வேறயுங்க. தூக்கு வரைக்கும் போகலாம். அதை ஊருல கேட்டுச் சொல்ல முடியாதுங்களே. அதுக்குத்தானுங்க இத்தனை செலவும்."

காந்திபுரம் பஸ் வந்தது. பாலுசாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி வைத்திருந்த சோற்றைத் தொடாமல் மூடிவிட்டார்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. காலையில் பால் கறந்துகொண்டிருந்த செல்லாத்தாளிடம் அவர் பேசினார். கண் மாட்டின் மேல் இருந்தது.

"ஏம்புள்ள, தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சது என்னன்னு எனக்கே தெரியலீங்க" என்றாள் அவள். பால் போசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் கேட்கக் கேட்க, காகிதத்தில் இருந்தபடியே எல்லாம் சொன்னாள். அழவில்லை. அத்தனை தரம் சொன்ன கதைக்கு அழுகை வருவதில்லை. பூஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கிளாடிஸ் எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்கு எத்தனை தறி ஓடுச்சுங்கம்மா?"

"எட்டும் ஓடுச்சுங்க."

"எட்டும் ஓடறப்ப, பக்கத்துல நிக்கறவங்க கூப்பிட்டாக் கேக்குங்களா?"

ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தறி தெரியும். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

"கேக்காதுங்க."

"அப்ப உங்க பையன் கூப்பிட்டது?"

அவள் பாலுசாமியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூஜிதாவைப் பார்த்தாள். கூண்டுக்கு அந்தப் பக்கம் அங்கப்பன் நரைத்த தாடியோடு தரையைப் பார்த்து நின்றான். நீதிபதியே கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "கேட்டுதாம்மா?" என்றார்.

"கேக்கலீங்க சாமி. நான் எதையும் பார்க்கவுமில்லீங்க. இழை அறுந்திருந்துச்சு, அதை முடிஞ்சுட்டிருந்தேன். எங்கூட்டுக்காரரு வந்து தொட்டாரு. அப்பவும் நான் திரும்பலீங்க, பொறுங்கன்னு கையைக் காட்டுனேன். முடிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தனுங்க. வந்தப்ப எம் பையன் தொட்டியோரமாக் கெடந்தான். அங்கப்பன் மம்பட்டியோட நின்னான். அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்."

டைப் அடிப்பவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடியுங்கள் என்றார் நீதிபதி. அரசு வக்கீல் எழுந்து இவர் பிறழ் சாட்சி என்று கோபமாக ஏதோ சொன்னார். செல்லாத்தாள் படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வெளியே வந்ததும் பூஜிதா கேட்டாள். "அப்ப அவரு கூப்பிடவே இல்லீங்களா அத்தை?"

"தெரியல கண்ணு."

"ஆறு வருஷமாச் சொன்னீங்களே."

"சொன்னேன்."

பூஜிதா அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. கனிஷ்காவுக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டு நேராக ஈரோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கை காட்டவில்லை.

ஊருக்குச் செய்தி இவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. அங்கப்பன் மகளிடமிருந்து ஏதோ கைமாறியிருக்கிறது என்றார்கள். பெற்ற மகன் கேசையே விற்றுவிட்டார்கள் என்றார்கள். வரிப்பணத்தின் மேல் கண்ணாக இருந்தவர்கள், இத்தனை வருஷச் செலவையும் ஒரு பொம்பளை ஒரு நிமிஷத்தில் தண்ணீரில் போட்டுவிட்டாள் என்று பொருமினார்கள். பாலுசாமி டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். செல்லாத்தாளை யாரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவது மட்டும் குறைந்தது. அவளுக்கு அது பெரிதாகப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் குடோனைத் திறந்தாள், நாடாவில் நூல் தார் மாற்றினாள், இழை முடிந்தாள், பஞ்சுத் தூசி படிந்த முகத்தோடு வந்து சோறாக்கினாள். எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் தின்றார்கள்.

மற்ற சாட்சிகளும் முடிந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், மண்டையில் மம்பட்டி பட்ட காயம் ஒன்றுதான், மற்றது தொட்டி விளிம்பில் மோதினது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக அங்கப்பனைக் கேட்கும் நாள். சாட்சிகள் சொன்னதை நீதிபதி ஒவ்வொன்றாகச் சொல்லி, நீ என்ன சொல்கிறாய் என்று குற்றவாளியைக் கேட்க வேண்டும் என்பது முறையாம். அன்றைக்கு இவர்கள் போயிருக்க வேண்டியதில்லை. செல்லாத்தாள்தான் போகலாம் என்றாள். சோறு கட்டவில்லை.

எதைக் கேட்டாலும் பொய் என்று சொல்லும்படி கிளாடிஸ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள் போல. அவனும் ஒப்பித்தான். தண்ணீர்த் தகராறு? "பொய்ங்க." மம்பட்டி? "பொய்ங்க." ஸ்டேஷனுக்குப் போனது? "பொய்ங்க." கூட வந்த போலீஸ்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"முதல் சாட்சி செல்லாத்தாள், தறி ஓடியதால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, பிறகு வந்து பார்த்தபோது தன் மகன் கிடந்தான், நீ மம்பட்டியோடு நின்றாய் என்று சொல்லியிருக்கிறார். என்ன சொல்றே?"

அங்கப்பன் முதல் முறையாகத் தலையைத் தூக்கி, பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். பங்காளி முறையில் அண்ணன் மனைவி என்பதால் அவளை நங்கை என்றுதான் எப்போதும் கூப்பிடுவான்.

"அது நெசமுங்க."

கிளாடிஸ் பாதி எழுந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நங்கைக்குக் கேட்டிருக்காதுங்க சாமி. கதிரு கூப்பிடலீங்க. அவன் சத்தமே போடலை. ஒரே அடிதானுங்க, உழுந்துட்டான். நாந்தானுங்க கூப்பிட்டேன். நங்கை, தண்ணி கொண்டாங்க, கதிரு உழுந்துட்டான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். குடோன் கதவு வரைக்கும் போனனுங்க. உள்ள போகத் தைரியம் வல்லீங்க. தறி ஓடிட்டிருந்துச்சுங்க."

டைப் சத்தம் நின்றது. கிளாடிஸ் உட்கார்ந்து பைலை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அவன் வாயாலேயே அடித்ததை ஒப்புக்கொண்டுவிட்டான், இனி விடுதலை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே செல்லாத்தாள் பூஜிதாவுக்குப் போன் போட்டாள். "கூப்பிடலையாம் கண்ணு. யாரையும் கூப்பிடலை. அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." அந்தப் பக்கத்தில் வெகுநேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பஸ் பல்லடம் தாண்டினபோது பாலுசாமி, "எப்படியோ, நீ நெனச்ச மாதிரி அவன் உன்னைத் தேடலை புள்ள. இனி அதை விட்டுரு" என்றார்.

"ஆமாங்க. அவன் என்னைத் தேடலை" என்றாள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "தேடிக் கூப்பிட்டவனுக்கும் நான் வரலீங்களே. சீக்கிரமா வந்திருந்தா, ஆசுபத்திரிக்காச்சும் கொண்டுட்டுப் போயிருக்கலாமுங்க."

பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. சாட்சி முடிந்து டாக்டர் போய்விட்டார்.

தீர்ப்பு வந்தது. திட்டமிட்ட கொலையில்லை, திடீர்க் கோபத்தில் நடந்த மரணம் என்று எழுதியிருந்தார்கள். ஜெயிலில் இருந்த காலம் போகத் தண்டனையில் மிச்சம் கொஞ்சம்தான். இதற்கா ஆறு வருஷம், இதற்கா அத்தனை வேன், அத்தனை போலீசு என்று ஊர் இரண்டு நாள் பேசியது. பாலுசாமியை வழியில் நிறுத்தி ஒருவர், உங்களுக்கு வயிறு எரியவில்லையா, எல்லாம் வீண் செலவுதானே என்று கேட்டார். "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பால் கேனை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமும் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சொசைட்டிக்குப் போகிறேன் என்று சொல்ல அவர் குடோனுக்குள் வந்தார். செல்லாத்தாள் மூன்றாம் தறியில் குனிந்து அறுந்த இழையின் இரண்டு முனையையும் பிடித்திருந்தாள். அவர் தோளைத் தொட்டார். அவள் இழையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பி, அவர் முகத்தையும் அவர் பின்னால் திறந்திருந்த கதவையும் பார்த்தாள்.

ஒன்றுமில்லை என்று அவர் கையைக் காட்டினார். அப்போதும் அவள் இழையை எடுக்கவில்லை. கதவுவரை போய், வெளியே தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.